“என் ரத்தத்துல என்ன இருந்துச்சு?”: ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவருக்கு அவர் தகவலைத் திருப்பித் தருவது பற்றி

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சர்க்கரை நோய் ஆய்வில் கள உதவியாளராக வேலை பார்த்தேன். விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் காலை ஆறு மணிக்கே போய்விடுவோம். திண்ணை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பக்கத்தில் ஐஸ் பெட்டி, ஆளுக்கு ஐந்து மில்லி ரத்தம். டியூப்பில் ஒட்டும் ஸ்டிக்கரில் பெயர் இருக்காது, ஓர் எண் மட்டும்தான். நடவுக்குப் போகும் அவசரத்தில் வந்த ஓர் அம்மா, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, என் ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு எப்ப வந்து சொல்வீங்க?”

“சொல்வாங்கம்மா” என்றேன். யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் முடிவெடுக்கவும் இல்லை. திட்ட அறிக்கையில் அதற்கென்று ஒரு வரிகூட இல்லை, பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மாவின் ரத்தம் நகரத்து ஆய்வகத்துக்குப் போய், இயந்திரத்தில் ஓடி, ஓர் எக்ஸெல் வரிசையாக மாறியிருக்கும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் சரி. 126-ஐத் தாண்டினால் சர்க்கரை நோயாக இருக்கலாம், இன்னொரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும். அவருடைய எண் எந்தப் பக்கம் இருந்தது என்பது இரண்டு மூன்று நாளில் ஒரு கணினிக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு மட்டும் தெரியாது.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆய்வுக்குத் தன் உடம்பையும் நேரத்தையும் கொடுத்தவருக்கு, அதிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்த தகவலைத் திருப்பித் தர வேண்டுமா? தருவதென்றால் எதை, எப்போது, எப்படி?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “ஆய்வு முடிவைச் சொல்வது” என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, ஒட்டுமொத்த முடிவு: இந்த மருந்து வேலை செய்ததா, இந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மருந்து ஆய்வுகளுக்கு இது சட்டமாகவே வந்துவிட்டது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆய்வு முடிந்ததும் சாதாரண ஆட்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு சுருக்கம் வெளியிட வேண்டும். இன்னொன்று, தனிப்பட்ட முடிவு: என் சர்க்கரை எவ்வளவு, என் ஸ்கேனில் என்ன தெரிந்தது, என் மரபணுவில் என்ன இருக்கிறது. அந்த அம்மா கேட்டது இரண்டாவதை. இதில்தான் சிக்கலும் அதிகம்.

பல காலமாக ஆராய்ச்சியாளர்களின் பதில் “தர மாட்டோம்” என்பதுதான். அதற்குக் காரணங்கள் இருந்தன, அவற்றை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வு என்பது சிகிச்சை இல்லை. ரிப்போர்ட் கையில் கொடுத்தால், ‘நமக்கு ஒன்று என்றால் இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று நம்பி ஒருவர் தன் டாக்டரிடம் போவதையே விட்டுவிடலாம். அடுத்தது, ஆய்வகத்தின் தரம். மருத்துவமனை லேபில் டியூப் மாறிவிட்டதா, இயந்திரம் சரியாக அளக்கிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பார்கள். ஆராய்ச்சி லேபில் ஆயிரம் பேரின் சராசரிதான் குறி, தனியொருவரின் எண்ணில் சின்னப் பிழை இருந்தால் கணக்கு பெரிதாக மாறாது. அமெரிக்காவில் 1988-ல் வந்த ஆய்வகத் தரச் சட்டத்தின்படி, சான்று பெறாத லேப் ஒருவருடைய நோயைக் கண்டறியவோ சிகிச்சை முடிவெடுக்கவோ முடிவு கொடுக்கக்கூடாது. அதே நாட்டில் இன்னொரு சட்டம், ‘உன் உடல்நலத் தகவலைக் கேட்டுப் பெற உனக்கு உரிமை உண்டு’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஆராய்ச்சியாளர்கள் பல வருடம் திண்டாடினார்கள். 2018-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் அமைத்த குழு இதையெல்லாம் அலசிவிட்டு, ‘எப்போதும் தரக்கூடாது’ என்ற பழைய வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. ஒவ்வொரு ஆய்வும், பங்கேற்பவருக்கு அந்த முடிவால் என்ன பயன், தருவது எவ்வளவு சாத்தியம் என்று தனித்தனியாக எடைபோட்டு, தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும் என்றது. தொடக்கத்திலேயே என்ற சொல்லைக் கவனியுங்கள். எங்கள் விழுப்புரம் ஆய்வில் விட்டுப்போனது அதுதான்.

தருவதால் கெடுதலும் வரலாம் என்பதற்குப் பிரிட்டனில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. யூகே பயோபேங்க் என்ற பெரிய ஆய்வில் 2006 முதல் 2010 வரை, 40-லிருந்து 69 வயது வரையிலான ஐந்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். முதல் நாளே ரத்த அழுத்தம், எடை போன்ற சில அளவுகளை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். ரத்தத்திலும் மரபணுவிலும் பின்னால் என்ன தெரிந்தாலும் தனித்தனியாகச் சொல்ல மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். 2014-ல் ஸ்கேன் எடுக்க ஆரம்பித்தபோது கேள்வி மறுபடி முளைத்தது. மூளைப் படத்தில் கட்டி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் எப்படிச் சும்மா இருப்பது?

அதற்காக, முதல் 1,000 பேரில் இரண்டு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒன்று, எல்லாப் படத்தையும் ஒரு ரேடியாலஜி டாக்டர் முழுசாக ஆராய்வது. இன்னொன்று, ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் தற்செயலாக எதையாவது கவனித்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுவது. முதல் வழியில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவுக்கு ‘இது ஆபத்தாக இருக்கலாம்’ என்ற கடிதத்துக்கு ஆளானார்கள். இரண்டாவது வழியில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அப்படியானால் முதல் வழிதானே நல்லது என்று தோன்றும். ஆனால் கடிதம் வாங்கியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்குக் கடைசியில் பெரிய நோய் எதுவும் இல்லை. இல்லாத நோய்க்காக மறுபடி ஸ்கேன், அலைச்சல், தூக்கம் கெட்ட இரவுகள். அதனால் இரண்டாவது வழியையே தொடர்ந்தார்கள். சிலருடைய உண்மையான நோய் இதில் தப்பிப்போகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனக்கு இது மனசுக்கு உவப்பான முடிவு இல்லை. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்து, வெளிப்படையாகச் சொல்லி எடுத்த முடிவு என்பதால் மதிக்கிறேன்.

சரி, இப்போது மறுபக்கம். தகவலைத் திருப்பித் தருவது ஆய்வுக்கே லாபமாக முடிந்த ஒரு கதை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் கேப் காட் என்ற கடலோரப் பகுதி. அங்கே மார்பகப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகமாகத் தெரிந்ததால், காரணம் தேட சைலண்ட் ஸ்பிரிங் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு நிறுவனம் 120 வீடுகளுக்குள் போனது. வீட்டுக் காற்றையும், தரை விரிப்பிலிருந்து உறிஞ்சி எடுத்த தூசியையும் சேகரித்து, ஹார்மோன்களைக் குழப்பக்கூடிய 89 வேதிப்பொருள்களைத் தேடினார்கள். விரும்பிய வீட்டுக்காரர்களுக்கு அவரவர் வீட்டு அளவுகளைத் தெரிவித்தார்கள்.

இது லேசான காரியம் இல்லை. இந்த வேதிப்பொருள்களில் பலவற்றுக்கு ‘இவ்வளவு வரை பாதுகாப்பு’ என்ற வரம்பே கிடையாது. உங்கள் வீட்டில் இன்ன பொருள் இவ்வளவு இருக்கிறது என்று சொன்னால், ‘அது நல்லதா கெட்டதா?’ என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கு நேர்மையான பதில் ‘இன்னும் தெளிவாகத் தெரியாது’ என்பதாக இருக்கும். அதனால் ஒப்பிட்டுக் காட்டும் வழியைப் பிடித்தார்கள். ஒரு கோடு, அதில் எல்லா வீடுகளும் சின்னச் சின்னப் புள்ளிகள், உங்கள் வீடு மட்டும் தனியாகத் தெரியும். நம் வீடு கூட்டத்தின் நடுவில் இருக்கிறதா, ஓரத்தில் தனியாக நிற்கிறதா என்று படிக்காதவர்களும் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம்.

அப்படி ஓரத்தில் தனியாக நின்றவை இரண்டு வீடுகள். பிசிபி என்ற வேதிப்பொருள் அங்கே மற்ற வீடுகளைவிட மிக அதிகம். அமெரிக்காவில் 1970-களிலேயே தடை செய்யப்பட்ட பொருள் அது. பழைய டிரான்ஸ்பார்மர்களில் இருந்ததென்று எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்குள் எப்படி வந்தது? ஆராய்ச்சியாளர்கள் மறுபடியும் போய் அளந்தார்கள், அங்கே குடியிருந்தவர்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள், அதிலும் அதிகம். வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 1950-60-களில் மரத் தரைக்குப் பளபளப்பு ஏற்றப் பூசிய ஒரு பூச்சு! அதில் பிசிபி கலந்திருந்தது. அரை நூற்றாண்டாகத் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. 2008-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தத் தரையை எப்போது, எதைக் கொண்டு மெழுகினார்கள் என்பது எந்த லேபிலும் இல்லாத தகவல். அது அந்த வீட்டில் வாழ்ந்தவரின் நினைவில் இருந்தது. தகவல் ஒரே திசையில் மட்டும் போயிருந்தால் இது கிடைத்திருக்காது.

மரபணு என்று வந்துவிட்டால் விஷயம் இன்னொரு மடங்கு சிக்கலாகிறது. ஏனென்றால் என் மரபணுத் தகவல் பாதி என் அம்மாவுடையது, பாதி என் அப்பாவுடையது, பிள்ளைகளுக்கும் அதில் பங்குண்டு. ஐஸ்லாந்தில் இது ஒரு நாட்டின் பிரச்சினையாகவே ஆனது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அங்கே காரி ஸ்டெபான்சன் 1996-ல் தொடங்கிய டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்துக்குப் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் ஆராய்ச்சிக்காக ரத்தம் கொடுத்திருந்தார்கள். அந்த நாட்டில் பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் பரம்பரையாக வரும் ஒரு மாற்றம் இருக்கிறது, அதைச் சுமக்கும் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. யார் யாருக்கு அது இருக்கிறது என்று நிறுவனத்தின் கணினிகளால் சொல்லிவிட முடியும். விரிவான வம்சாவளிப் பதிவுகள் இருந்ததால், ரத்தமே கொடுக்காத உறவினர்களைப் பற்றியும் ஊகித்துவிட முடியும்.

சொல்லியாக வேண்டும், இது உயிர் காக்கிற தகவல் என்று ஸ்டெபான்சன் பல வருடம் வாதாடினார். அரசுத் தரப்பு தயங்கியது. ஆராய்ச்சிக்கு என்று சம்மதித்தவரிடம், அவர் கேட்காத ஒரு செய்தியோடு போய்க் கதவைத் தட்டலாமா? தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டே. நான் இதைப் பல முறை யோசித்திருக்கிறேன், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசியில் 2018 மே மாதம் ஒரு நடுவழி கிடைத்தது. நிறுவனம் ஓர் இணையதளம் திறந்தது. விரும்பியவர் தன் மின்னணு அடையாளத்தோடு உள்ளே போய், ‘எனக்கு அந்த மாற்றம் இருக்கிறதா?’ என்று கேட்கலாம். இருக்கிறது என்று வந்தால் மருத்துவமனை ஆலோசனைக்கு வழி காட்டுவார்கள். கேட்காதவரை யாரும் தேடிப் போவதில்லை. முதல் ஒன்றரை வருடத்துக்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கேட்டுவிட்டார்கள், நாட்டின் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

தெரிந்துகொள்ள விரும்பாத உரிமை என்றதும் டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் நினைவுக்கு வருகிறார். அவருடைய முழு மரபணு வரிசையும் உலகத்துக்கே வெளியிடப்பட்டது. ஒரே ஒரு மரபணுவை மட்டும் மறைத்துவிடச் சொன்னார், ஏபிஓஈ. முதுமையில் வரும் ஆல்சைமர் மறதி நோய்க்கான வாய்ப்பை அது காட்டும், அதற்கு இன்றுவரை முழுமையான குணம் கிடையாது. மறைத்தார்கள். அப்புறம்தான் மற்ற விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள், பக்கத்தில் இருக்கும் வரிசையைப் பார்த்தாலே மறைத்ததைக் கணித்துவிடலாம் என்று. பிறகு அக்கம்பக்கத்தையும் சேர்த்து நீக்க வேண்டியதாயிற்று.

இதை மனதில் வைத்துக்கொண்டு, ‘மூலத் தரவு’ என்று சொல்கிறார்களே, அதை ஒருமுறை கிட்டத்தில் பார்க்கலாம். மரபணுச் சோதனையிலிருந்து விளக்கம் எதுவும் இல்லாமல் வரும், பல லட்சம் வரிகள் கொண்ட சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஒரு வரி இப்படி இருக்கும்: ஆர்எஸ்429358, அடுத்து 19, அடுத்து 45411941, கடைசியில் சி, டி என்று இரண்டு எழுத்து. முதலில் இருப்பது அந்த இடத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த அடையாள எண். 19 என்பது குரோமோசோம். நீளமான எண், அதில் எத்தனையாவது எழுத்து என்பது. கடைசி இரண்டும் அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்தவை. பார்க்கப் பேருந்து டிக்கெட் எண் மாதிரி இருக்கும் இந்த வரிதான், வாட்சன் பார்க்க விரும்பாத அந்த ஏபிஓஈ மரபணுவின் ஒரு பகுதி. கோப்பை அப்படியே ஒருவருக்கு அனுப்பிவிட்டால் அவருக்கு எதுவும் சொன்னதாகாது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகவும் ஆகும். இணையத்தில் ஏதோ ஒரு கருவியில் ஏற்றி அவரே அர்த்தம் தேடிக்கொள்வார். அதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. வீட்டுக்கே அனுப்பும் மரபணுக் கிட்டுகளின் மூலத் தரவோடு வந்த 49 பேரை ஓர் அமெரிக்க மருத்துவ லேப் மறுபடி சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. கோப்பில் இருந்த மாற்றங்களில் 40 சதவீதம் அவர்களிடம் உண்மையில் இல்லவே இல்லை.

அப்படியானால் மூலத் தரவைத் தரக்கூடாதா? தர வேண்டும் என்பதுதான் என் கருத்து, கேட்பவருக்கு, விளக்கத்தோடு. இந்த வகையில் ஹார்வர்டில் ஜார்ஜ் சர்ச் 2005-ல் தொடங்கிய தனிநபர் மரபணுத் திட்டம் கவனிக்க வேண்டியது. அங்கே தன்னார்வலருக்குத் தகவல் முழுசாகக் கிடைக்கும், அது உலகத்துக்கும் திறந்தே இருக்கும், ரகசியம் காப்போம் என்ற வாக்குறுதியே கிடையாது. ஆனால் சேர்வதற்கு முன் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். மரபணு என்றால் என்ன, இதனால் தனக்கும் குடும்பத்துக்கும் என்ன வரலாம் என்று புரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பார்கள்.

எல்லோரையும் தேர்வு எழுத வைக்க முடியாது. பத்து லட்சம் பேரைச் சேர்க்க வேண்டும் என்ற இலக்கோடு அமெரிக்க அரசு 2018-ல் நாடு முழுக்கத் திறந்த ‘ஆல் ஆஃப் அஸ்’ திட்டம் வேறு வழி கண்டது. தகவலைப் படிப்படியாகத் தருகிறார்கள். 2020 கடைசியில் பூர்விகம் போன்ற இலகுவான விஷயங்கள். 2022 கடைசியில் உடல்நல முடிவுகள்: பரம்பரை நோய் வாய்ப்பைக் காட்டும் 59 மரபணுக்கள், சில மருந்துகள் உடம்பில் எப்படி வேலை செய்யும் என்று காட்டும் 7 மரபணுக்கள். இந்த 59-ல் சேர்ந்தவை, தெரிந்தால் ஏதாவது செய்யக்கூடியவை. ஏபிஓஈ அதில் இல்லை. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் முன்னால் ‘வேண்டுமா?’ என்று தனியாகக் கேட்கிறார்கள். ஏதாவது ஆபத்து தெரிந்தால் மரபணு ஆலோசகர் இலவசமாகப் பேசுவார், மருத்துவமனையில் இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் எதுவும் முடிவெடுக்க வேண்டும் என்பார். இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் செலவாகும். அதைத் தொடக்கத்திலேயே கணக்கில் வைத்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் விட்டுவிடக்கூடாது. தன் தகவலை அணுகுவது என்றால், அதை யார் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று தெரிந்துகொள்வதும் சேர்ந்ததுதான். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் பழங்குடி மக்கள், சர்க்கரை நோய்க்குக் காரணம் தெரியும் என்று நம்பி 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தத்தை மனநோய் பற்றியும், உறவுக்குள் மணம் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்தினார்கள். நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் மக்களுக்கு அந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும்! 2003-ல் ஒரு முனைவர் பட்ட ஆய்வுரையில் போய் உட்கார்ந்த அவர்கள் இனத்துப் பெண் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டபோதுதான் ஊருக்கே தெரிந்தது. 2010-ல் வழக்கு சமரசமானது. 41 பேருக்கு மொத்தம் 7 லட்சம் டாலர், கூடவே மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்பி வந்தன.

நம் நாட்டில் நிலைமை என்ன? மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்தவர் தன் மருத்துவப் பதிவைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் விதி சொல்கிறது. ஆய்வுத் தன்னார்வலருக்கு இவ்வளவு நேரடியான விதி இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தகவலின் சுருக்கத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தருகிறது. ஆனால் தனிநபரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படுத்தாத ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவர வேலைக்கும், நிர்ணயித்த தரங்களைப் பின்பற்றினால், விலக்கும் தருகிறது. ஆகவே கடைசியில் எல்லாம் ஒப்புதல் படிவத்தில்தான் வந்து நிற்கிறது. 2019-ன் மருந்துப் பரிசோதனை விதிகளின்படி கையெழுத்தான ஒப்புதல் படிவத்தின் நகலும் தகவல் தாளும் தன்னார்வலர் கையில் வந்துசேர வேண்டும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடும் முன், ‘என் முடிவை எனக்குச் சொல்வீர்களா, எதைச் சொல்வீர்கள், யார் சொல்வார், மிச்ச ரத்தத்தை என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் ‘சொல்ல மாட்டோம்’ என்று இருந்தாலும் பரவாயில்லை, அதை முன்னாலேயே சொல்லட்டும். ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அந்தத் தாளில் இருக்கும், சந்தேகம் தீரவில்லை என்றால் அங்கேயும் பேசலாம்.

விழுப்புரத்துக்குப் பிறகு நான் வேலை பார்த்த இன்னோர் ஆய்வில், திட்டம் எழுதும்போதே இதைப் பேசினோம். பெரிதாக ஒன்றுமில்லை, அஞ்சலட்டை அளவில் ஒரு மஞ்சள் அட்டை. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று மூன்று எண், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘சரி’ அல்லது ‘ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டவும்’ என்று தமிழில். கீழே ஒரு போன் நம்பர். ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போய்ப் படித்துக் காட்டிக் கொடுக்க எங்களுக்கு மூன்று வாரம் கூடுதலாக ஆனது. ஒரு வீட்டில் ஒரு பாட்டி அதை வாங்கி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “இது என்னுதா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகச் செருகி வைத்தார்.